யாருக்குன்னு போடலயே

அத மூடாதீங்க தம்பி, ஒரு நிமிஷம். இல்ல இல்ல, பக்கத்து சீட்டுல இருக்கேன்னு உங்க போன்ல மெசேஜ் எதையும் நான் பாக்கல. அடுத்தவங்க மெசேஜ் படிக்கிற பழக்கம் எனக்குக் கெடையாது. நடுவுல ஒரு விளம்பரம் வந்துச்சுல்ல, அதத்தான் பாத்தேன். இடுப்புக்குப் போடுற பெல்ட்டு. உங்களுக்கா, இல்ல வீட்ல வேற யாருக்குமா?

அப்பாவுக்கா. சரி. போன வருஷமா இருந்தா நான் கேட்டிருக்கவே மாட்டேன். பையனுக்கு இடுப்பு போயிருச்சுன்னு மனசுல எழுதி வச்சுட்டு அடுத்த மாப்பிள்ளையப் பாக்கப் போயிருப்பேன்.

எம்பேரு மாடக்கண்ணு. விருதுநகர்ல கல்யாணத் தரகர். இருபத்தாறு வருஷமா இதே தொழில்தான். முந்நூறு கல்யாணத்துக்கு மேல முடிச்சு வச்சிருக்கேன். அதுல பிரிஞ்சது நாலுதான். நாலுலயும் எம்மேல தப்பு கெடையாது.

முன்னாடியெல்லாம் மாப்பிள்ளையப் பத்தி விசாரிக்கிறது லேசு தம்பி. அவன் தெருவுல டீக்கடைக்குப் போயி ஒரு டீ சொன்னாப் போதும். சலூன்ல போயி உக்காந்தா மிச்சமும் வந்துரும். இப்ப எல்லாரும் காலனியில கதவச் சாத்திக்கிட்டு இருக்காங்க. பக்கத்து வீட்ல கேட்டா, "அப்படி ஒரு ஆளு இருக்காரா?"ங்குறாங்க. நான் என்னத்த விசாரிக்க? கண்ணக் கட்டிக்கிட்டுத்தான் ரெண்டு வருஷம் தொழில் பண்ணுனேன்.

அப்பதான் ரபீக் பாய் சொன்னாரு. பஸ் ஸ்டாண்டுக்கு எதுத்தாப்ல செல்போன் ரிப்பேர் கடை வச்சிருக்காரு. என் போன்ல விளம்பரமா வந்து தொல்லை பண்ணுது, நிறுத்திக் குடுங்கன்னு போனேன். சிரிச்சாரு. "அண்ணாச்சி, இது ஊருக்கெல்லாம் பொதுவா வர்ற விளம்பரம் இல்ல. நீங்க போன்ல எதத் தேடுறீங்க, எத ரெண்டு நிமிஷம் கூட நின்னு பாக்குறீங்க, எங்க போறீங்க வர்றீங்க, எல்லாத்தையும் கணக்குப் பாத்து, இந்த ஆளுக்கு இதுதான் வேணும்னு அவன் போடுறான்"ன்னாரு.

எனக்குத் தூக்கி வாரிப் போட்டுச்சு. பயத்துல இல்ல தம்பி, சந்தோஷத்துல. நான் நாலு தெரு சுத்தி, எட்டு டீ குடிச்சு விசாரிக்கிறத, எவனோ ஒருத்தன் உக்காந்த எடத்துல விசாரிச்சு, மாப்பிள்ளை சட்டைப் பையிலயே வச்சுட்டுப் போயிருக்கான்!

அன்னைக்குப் பிடிச்சேன் இந்த வழிய. பொண்ணு பாக்க வர்ற எடத்துல, கேசரி, காராச்சேவு எல்லாம் முடிஞ்சு காப்பி வர்ற நேரம், மாப்பிள்ளை பக்கத்துல போயி உக்காருவேன். "தம்பி, என் போன்ல சார்ஜ் இல்ல. முகூர்த்த நாளு ஒண்ணு பாக்கணும், ஒங்க போனக் குடுங்களேன்." எந்த மாப்பிள்ளை மாட்டேன்னு சொல்லுவான்? முகூர்த்த நாளுல்ல! வாங்கி, ஒரு வீடியோவத் தட்டி, கீழ என்னென்ன வருதுன்னு பாத்துக்குவேன். அம்புட்டுத்தான்.

இப்படித்தான் ஒருத்தன், உள்ளூர்லயே இருந்து அப்பா கடையப் பாத்துக்குவேன்னு சொன்னவன், போனத் தொறந்தா கனடா, கனடா, கனடா. விசாவாம், இங்கிலீசு பரீட்சையாம். பொண்ணோட அப்பாவுக்குச் சொல்லி விட்டேன். கேட்டுப் பாத்தா நிஜம். இன்னொருத்தன் திருப்பூர்ல வேலை. அவன் போன்ல பூராவும் கொழந்தைக்குக் கட்டுற டயப்பரு. நான் சாதாரணமாக் கேக்குற மாதிரி, "கொழந்தைக்கு என்ன வயசாகுது தம்பி?"ன்னேன். "எட்டு மாசம் அண்ணாச்சி"ன்னுட்டான். சொன்னப்புறந்தான் நாக்கக் கடிச்சான். பொண்டாட்டி, புள்ள ரெண்டும் அங்க இருக்கு, இங்க வந்து கேசரி சாப்பிட்டுக்கிட்டிருக்கான்!

அதுக்கப்புறம் எம்பேரு எங்கயோ போயிருச்சு. "மாடக்கண்ணு கையில போனக் குடுத்தா ஜாதகமே வேண்டாம்"னாங்க.

என்ன கேக்குறீங்க? அடுத்தவன் போன ஏமாத்தி வாங்கிப் பாக்குறது தப்பில்லையான்னா? தம்பி, விளம்பரக் கம்பெனிக்காரன் யாரக் கேட்டுப் பாத்தான்? நானாவது "குடுங்க தம்பி"ன்னு கேட்டு வாங்குனேன்.

சரி, விஷயத்துக்கு வர்றேன். சாத்தூர்ல தங்கப்பழம்னு ஒருத்தர், எண்ணெய்க்கடை வச்சிருக்காரு. எனக்குப் பழைய பழக்கம். அவர் மக மாரீஸ்வரி. ஒரு ஸ்கேன் சென்டர்ல முன்னாடி உக்காந்து பேர் எழுதுற வேலை. கெட்டிக்காரப் பொண்ணு. அதுக்கு ஒரு மாப்பிள்ளை கொண்டு வந்தேன். சோலைராஜ்னு பேரு. சிவகாசியில ஒரு பிரஸ்ல சூப்பர்வைசர். அம்மா அப்பா ரெண்டு பேரும் இல்ல. ஒரே அக்கா, சண்முகக்கனி, டீச்சரு, கட்டிக்குடுத்தாச்சு. அந்த அக்காதான் அவன வளத்து ஆளாக்குனது. பொண்ணுக்கும் பையனுக்கும் ஒருத்தர ஒருத்தர் பிடிச்சுப் போச்சு. ஆனி மாசம் பூ வைக்கிறது, ஆவணியில கல்யாணம்னு முடிவாச்சு.

பூ வைக்கிற அன்னைக்குச் சண்முகக்கனி வந்துச்சு பாருங்க, கொஞ்சம் எளச்சிருந்துச்சு, ஆனா தல முடி இடுப்பு வரைக்கும். அதுல ரெண்டு மொழம் மல்லிகை. பொண்ணுக்குப் பூ வச்சு, நெத்தியில பொட்டு வச்சு, "எந்தம்பிய நல்லாப் பாத்துக்கம்மா"ன்னுச்சு. எல்லாம் நல்லபடியா நடந்துச்சு. நான் பேசாம சாப்பிட்டுட்டு வந்திருக்கலாம். ஆனா, பேரு வாங்கிட்டோம்ல. இவன் போன மட்டும் பாக்காம விட்டா நாளைக்கு யாராவது கேப்பாங்கள்ல? போயிக் கேட்டேன். "இந்தாங்க அண்ணாச்சி, பொறுமையாப் பாருங்க, நான் கை கழுவிட்டு வர்றேன்"னு குடுத்துட்டுப் போயிட்டான்.

தொறந்தேன். பொம்பளைங்க தலையில வைக்கிற விக்கு. அடுத்தது, பொம்பளைங்க உள்ள போடுறது. அடுத்தது, புருவம் வரையிற பென்சிலு. தலைக்குக் கட்டிக்கிற பூப்போட்ட துணி. திரும்பியும் விக்கு, இந்தத் தடவ சுருட்ட முடி.

அவன் கை கழுவிட்டு வர்றதுக்குள்ள, போன அவன் எடத்துல கவுத்து வச்சுட்டு வெளிய வந்துட்டேன்.

மறுநாள் காலையிலயே எண்ணெய்க்கடைக்குப் போனேன். தங்கப்பழம் ஒரு அம்மாவுக்கு நல்லெண்ணெய் ஊத்திக்கிட்டிருந்தாரு. அந்தம்மா போற வரைக்கும் பொறுத்தேன். அப்புறந்தான் சொன்னேன்.

"விக்கா?"ன்னாரு.

"பொம்பள விக்கு."

"அவங்க வீட்லயும் பொம்பளைங்க இருக்காங்களே அண்ணாச்சி."

"யாரு இருக்கா? அம்மா இல்ல. அக்காவுக்குத்தான் முடி எம்புட்டு இருக்குன்னு நீங்களே பாத்தீங்களே."

"அப்ப என்னன்னு நெனைக்கிறீங்க?"

"ரெண்டுல ஒண்ணு. ஒண்ணு, எவளுக்கோ வாங்கிக் குடுக்குறான். இல்ல..."ன்னு இழுத்தேன்.

"இல்ல?"

"அவனே மாட்டிக்கிறான்."

எண்ணெய்ப் புனலக் கீழ வச்சுட்டாரு.

தம்பி, நான் பொய் சொல்லல. ஒரு வார்த்த கூட்டிச் சொல்லல. விளம்பரம் வந்தது நிஜம். எதுக்கு வந்துச்சுன்னு யோசிச்சது மட்டும்தான் நான்.

ஜாதகத்துல ஒரு தோஷம் இப்பதான் தெரிய வந்துச்சுன்னு தங்கப்பழம் சொல்லி அனுப்பிட்டாரு. கல்யாணம் நின்னுருச்சு. சோலைராஜ் எனக்குப் போன் போட்டான். "அண்ணாச்சி, தோஷம்ங்கிறாங்க. மாரீஸ்வரி போன எடுக்க மாட்டேங்குது. நெசமான காரணம் என்ன, எனக்காவது சொல்லுங்க"ன்னான். எனக்கு மறைச்சுப் பேசத் தெரியாது. சொல்லிட்டேன். "அதெல்லாம் வந்தது உண்மதான் அண்ணாச்சி"ன்னு சொல்லிட்டு வச்சுட்டான். ஒத்துக்கிட்டானே! எனக்கு ஒரே பெருமை.

இந்த விஷயத்த நான் யாருகிட்டயும் சொல்லல. ரெண்டே பேருகிட்டதான் சொன்னேன், அதுவும் யாருகிட்டயும் சொல்லாதீங்கன்னு சொல்லித்தான் சொன்னேன். அது எப்படியோ சிவகாசி வரைக்கும் போயிருச்சு. பிரஸ்ல அவன் வண்டிக் கண்ணாடியில ஸ்டிக்கர் பொட்டு ஒட்டி வச்சிருக்கானுக. தெனமும் ஒரு பொட்டு. அவனும் தெனமும் உரிச்சுப் போட்டுட்டு, ஒண்ணும் பேசாம வண்டிய எடுத்துட்டுப் போயிருவானாம். ஊரு எவ்வளவு கெட்டுப் போச்சு பாருங்க.

ஆடி மாசக் கடைசியில ஒரு ஞாயித்துக்கிழமை, மத்தியானச் சாப்பாடு முடிஞ்சு படுக்கலாம்னு இருக்கேன். தங்கப்பழம் போனு. "அண்ணாச்சி, ஒடனே கெளம்பி வாங்க"ன்னாரு. மகளுக்கு அடுத்த மாப்பிள்ளை கேக்கத்தான் கூப்பிடுறாருன்னு, கையில மூணு ஜாதகத்த எடுத்துக்கிட்டுப் போனேன்.

போனா, முன் அறையில சண்முகக்கனி உக்காந்திருக்கு. தங்கப்பழம் சம்சாரம் கதவோரத்துல நிக்கிறாங்க. மாரீஸ்வரி தரையப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கு. யாரும் என்னை வாங்கன்னு சொல்லல.

சண்முகக்கனிதான் பேசுச்சு. "அண்ணாச்சி, எந்தம்பி போன்ல நீங்க பாத்தது இதானான்னு கொஞ்சம் சொல்லுங்க"ன்னுச்சு. சொல்லிட்டு, ரெண்டு கையையும் காதுக்கு மேல வச்சு, தலையில இருந்த முடிய அப்படியே கழட்டி மேசை மேல வச்சுச்சு.

தல வழவழன்னு இருந்துச்சு தம்பி. அங்கங்க பூனை முடி மாதிரி. புருவமும் இல்ல, வரைஞ்சதுதான்னு அப்பத்தான் தெரியுது. மார்புல கட்டி. மாசியில ஆபரேஷன் பண்ணியிருக்கு, அதுக்கப்புறம் மருந்து ஏத்துனதுல எல்லாம் கொட்டியிருச்சு. புருஷனுக்குத் தெரியும், தம்பிக்குத் தெரியும். மாமியார் வீட்ல வேற என்னமோ ஆபரேஷன்னு சொல்லி வச்சிருக்காங்க. கடைக்குப் போயி விக்கு கேக்கக் கூச்சம். விக்கு, ஆபரேஷனுக்கப்புறம் உள்ள போடுறது, எல்லாத்தையும் தம்பிதான் போன்ல தேடித் தேடி வாங்கிக் குடுத்திருக்கான். "யாருக்கும் தெரியக் கூடாதுடா"ன்னு அக்கா சத்தியம் வாங்கியிருக்கு. அதனாலதான் அவன், கல்யாணம் நின்னப்பவும் வாயத் தொறக்கல. கண்ணாடியில பொட்டு ஒட்டுனப்பவும் தொறக்கல. பிரஸ்ல வேலை பாக்குற ஒரு பொம்பள சொல்லித்தான் அக்காவுக்கே தெரிஞ்சிருக்கு. தெரிஞ்சதும், இனி மறைச்சு என்னன்னு மாமியார்கிட்டயும் அதுவே சொல்லிருச்சு. மாமியார் அன்னைக்கே தட்டு, டம்ளர் எல்லாத்தையும் தனியா எடுத்து வச்சுட்டாங்களாம்.

எல்லாரும் என்னையப் பாக்குறாங்க. நான் என்ன சொல்றது? அந்த முடிய உத்துப் பாத்து, "நான் பாத்தது இதவிடக் கொஞ்சம் கருப்பா இருந்துச்சு"ன்னேன்.

சிரிக்காதீங்க. எனக்கு வாயில வந்தது அதுதான்.

மாரீஸ்வரி அப்பத்தான் தல நிமிந்துச்சு. "மாமா, எங்க சென்டர்ல ரிப்போர்ட்ட கவர்ல போட்டு ஒட்டித்தான் குடுப்போம். ஏன்னு தெரியுமா?"

"தெரியலம்மா."

"அதப் பிரிச்சுப் படிச்சவங்களுக்கு என்ன வியாதின்னு தெரியும். எப்படி வாழுறாங்கன்னு தெரியாது. அதனால."

"நான் எந்தக் கவரையும் பிரிக்கலயேம்மா. வெளம்பரம் தானா வந்துச்சு. அதுல யாருக்குன்னு போடலயே"ன்னேன்.

"போடலன்னா கேட்டிருக்கணும்"னுச்சு. அப்புறம் தங்கப்பழத்தப் பாத்து, "நீங்களும் கேக்கலப்பா. நானும் போன எடுக்கல"ன்னுச்சு. திரும்பவும் என்னையப் பாத்துச்சு. "கல்யாணம் நின்னு போச்சுன்னு ஊருக்கே தெரியும், என் போனுக்கு மட்டும் தெரியல. தெனமும் முகூர்த்தப் பட்டு, மணப்பெண் அலங்காரம், மண்டபம், மாலை. ஸ்கேன் எடுக்க வந்தவங்க பேர எழுதிக்கிட்டே அதத் தள்ளி விட்டுக்கிட்டிருக்கேன். அதுகிட்ட யாரு போயிச் சொல்றது மாமா, நீங்க சொல்றீங்களா?"

நான் ஜாதகத்த மடியில வச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன்.

"ஒங்க போனக் குடுங்க"ன்னுச்சு.

"சார்ஜ் இல்லம்மா."

"சார்ஜர் இருக்கு."

குடுத்தேன். வேற வழி? ஒரு வீடியோவத் தட்டுச்சு. மொத வெளம்பரம் வந்துச்சு. சத்தமா, பள்ளிக்கூடத்துல வாசிக்கிற மாதிரி வாசிச்சுச்சு: "பிரிந்து சென்ற மனைவி இருபத்தொரு நாளில் வீடு திரும்ப சிறப்பு வசிய பூஜை."

தங்கப்பழம் சம்சாரம் கதவோரத்துல இருந்து, "மதினி அவங்க அண்ணன் வீட்டு விசேஷத்துக்குப் போயிருக்காங்கன்னீங்க? மூணு வருஷமாவா விசேஷம்?"ங்குறாங்க.

ரெண்டாவது வந்துச்சு. அத மெதுவா வாசிச்சுச்சு: "தனியாக வசிப்பவர்களுக்கு வீட்டுச் சாப்பாடு."

மூணாவதும் வந்துச்சு. பாத்துச்சு. வாசிக்கல. போன அணைச்சு, மேசையில வைக்காம, என் கையிலயே குடுத்துருச்சு. அது என்ன வெளம்பரம்னு இன்னைக்கு வரைக்கும் எனக்குத் தெரியாது. மூக்குக் கண்ணாடிய வீட்லயே வச்சுட்டுப் போயிட்டேன்.

அதெல்லாம் தப்பா வர்றது தம்பி. பக்கத்து வீட்டுக்காரர் என் போன அடிக்கடி வாங்கிப் பாப்பாரு, அதனால வருது. இந்த வெளம்பரத்தயெல்லாம் நம்பவே கூடாது.

அப்புறம் என்னாச்சுன்னா கேக்குறீங்க? மாரீஸ்வரி மறுநாளே சிவகாசிக்குப் போயி பிரஸ் வாசல்ல நின்னுருக்கு. சோலைராஜ் மொத நாள் வெளியவே வரல. ரெண்டாவது நாளும் வரல. மூணாவது நாள் வந்து, "என்கிட்ட ஒரு வார்த்த கேக்காத வீட்டுக்கு நான் எப்படி வருவேன்?"ன்னுருக்கான். அது, "நீங்க வர வேண்டாம், நான் வர்றேன். இப்பக் கேக்குறேன், பதில் சொல்லுங்க"ன்னுருக்கு. வாசல்ல நின்னே ஒரு மணி நேரம் பேசியிருக்காங்க. பிரஸ்காரனுக பூராப் பேரும் வேலைய விட்டுட்டு ஜன்னல்ல நின்னு வேடிக்க பாத்திருக்கானுக. போகும்போது, அன்னைக்கு ஒட்டியிருந்த பொட்ட மாரீஸ்வரி அவன் கண்ணாடியில இருந்து உரிச்சுத் தன் நெத்தியில வச்சுக்கிட்டுப் போச்சாம். அதுக்கப்புறம் எவனும் ஒட்டல.

அக்காவுக்கும் மருந்தெல்லாம் முடிஞ்சுருச்சு. புருஷன் நல்ல ஆளு. அம்மாகிட்டச் சண்ட போட்டு, சண்முகக்கனியத் தனியா வீடு பாத்துக் கூட்டிட்டுப் போயிட்டாரு. என்னால ஒரு தனிக்குடித்தனமும் நடந்திருக்கு, அத யாரும் சொல்ல மாட்டேங்குறாங்க.

வர்ற வெள்ளிக்கிழமை கல்யாணம். எனக்குப் பத்திரிகை வராதுன்னுதான் நெனச்சேன். சோலைராஜ் என்னையப் பாத்தா இன்னும் மொகத்தத் திருப்பிக்குவான். அது நியாயம்தான். ஆனா முந்தாநாளுக்கு மொத நாள் சண்முகக்கனி வீடு தேடி வந்துருச்சு. தலையில விக்கு இல்ல. முடி ஒரு விரக்கடை வளந்திருக்கு, பையன் கிராப்பு மாதிரி. கல்யாணத்துக்கும் இப்படியேதான் நிக்கப் போகுதாம். தட்டுல பத்திரிகைய வச்சு நீட்டுச்சு. "திரு. மாடக்கண்ணு அவர்கள், குடும்பத்துடன்"னு எழுதி, குடும்பத்துடன்ங்கிறதுக்கு அடியில பேனாவால ரெண்டு கோடு.

"அண்ணாச்சி, மதினியோட வரணும். தனியா வந்தா பந்தியில எடம் கெடையாது"ன்னுச்சு.

"அவ எதுக்குப் போனான்னே எனக்குத் தெரியலம்மா"ன்னேன்.

"கேட்டீங்களா?"

அது போனப்புறம் போன எடுத்தேன். எஞ்சம்சாரம் பேரு பூரணம். அவ அண்ணன் வீடு கழுகுமலைக்கிட்ட. எடுத்தா. நான் சுத்தி வளைக்கல. "எதுக்குப் போன பூரணம்?"னேன். "இத மூணு வருஷத்துக்கு முன்னாடி கேட்டிருந்தா பதில் சொல்லியிருப்பேன்"னா. கட் ஆயிருச்சு. முந்தாநாள் திரும்பப் போட்டேன். ஹலோன்னேன், கட் ஆயிருச்சு. நேத்து முழுக்க அடிச்சுக்கிட்டே இருந்துச்சு, எடுக்கல.

கழுகுமலைப் பக்கம் டவர் சரியில்ல தம்பி. அதான் இந்தப் பஸ்ஸப் பிடிச்சு நேர்லயே போயிட்டிருக்கேன்.